சத்தம் வராத துண்டு

அழிக்காதீர்கள். ஒரு நிமிடம்.

மன்னிக்க வேண்டும். அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது தப்புதான். ஆனால் தாராபுரத்தில் ஏறியதிலிருந்து நீங்கள் படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வருகிறீர்கள். பக்கத்தில் இருக்கிறவன் கண்ணில் படாமல் இருக்குமா? இடம் போதவில்லை என்று போன் சொல்கிறதா? எல்லோர் போனும் சொல்லும். ஆனால் எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அது என் தொழில். முப்பத்தொரு வருடம் அதைச் செய்துதான் சோறு சாப்பிட்டேன்.

என் பெயர் வைத்திலிங்கம். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் இருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். உங்கள் தோட்டத்துக் கிணற்றிலேயே அந்த மோட்டார் ஓடிக்கொண்டிருக்கலாம். நான் மோட்டார் செய்யவில்லை. மோட்டாரைப் பற்றிய விவரங்களைக் காப்பாற்றினேன். வரைபடம், ஆர்டர், சம்பளம், சோதனைக் கணக்கு, எல்லாம் என் பொறுப்பு. ஸ்டோரேஜ் மேனேஜர் என்று பெயர். கல்யாணப் பேச்சின்போது என் சம்பந்தி, "ஸ்டோரேஜ்னா குடோனுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, மூட்டை மட்டும் கண்ணுக்குத் தெரியாது" என்றேன். சிரித்தார். புரியாமல்தான் சிரித்தார்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒரு கம்பெனியில் நாற்பது சர்வர் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிஸ்க் கொடுத்தால் ஒன்று நிரம்பி வழியும், இன்னொன்று காலியாகக் கிடக்கும். அதனால் எல்லா டிஸ்க்கையும் ஒரே பெரிய பெட்டியில் போட்டுவிடுவது. பீரோ உயரப் பெட்டி. அதிலிருந்து ஃபைபர் கேபிளில் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு துண்டு. லேஅவுட் போட்டு மனை பிரித்துக் கொடுக்கிற மாதிரி. ஒவ்வொரு சர்வரும் தன் மனையை மட்டும்தான் பார்க்கும். பக்கத்து மனை இருப்பதே அதற்குத் தெரியாது. எது யாருடைய மனை என்று தெரிந்தவன் ஒருவன்தான். அது நான்.

பக்கத்துக் கட்டிடத்தில் இரட்டைப் பெட்டி ஒன்று உண்டு. இங்கே எழுதியது அந்தக் கணமே அங்கேயும் எழுதப்படும். தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் ஒன்று மிஞ்சும். இதெல்லாம் போதாதென்று டேப் வேறு. கைக்கு அடக்கமான சதுரப் பெட்டி, பழைய பாட்டுக் கேசட்டைத் தடியாக்கியது போல. வாரம் ஒன்று, மாதம் ஒன்று. வார டேப் ஒரு மாதம் இருக்கும், மாத டேப் மூன்று மாதம் இருக்கும். பிறகு அதன்மேலேயே புதிது எழுதுவோம். பாருங்கள், எத்தனை காவல். நான் வேலையை விட்டபோது ஒரு கேடயம் கொடுத்தார்கள். "ஒரு கோப்பும் தொலையாத முப்பத்தொரு ஆண்டுகள்" என்று பொறித்து. மகன் வீட்டு ஹாலில் டிவிக்கு மேலே இருக்கிறது. இப்போது மதுரையில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் வாரம் இரண்டு வகுப்பு எடுக்கிறேன். தரவுப் பாதுகாப்பு. பிள்ளைகள் நன்றாகக் கேட்கிறார்கள்.

வெயில் உங்கள் பக்கம் அடிக்கிறதே. அந்தத் திரையை இழுத்துவிடுங்கள்.

என்ன சொல்ல வந்தேன்? அழிக்கிற முறை. பெட்டியில் பழைய துண்டுகள் சேர்ந்துகொண்டே போகும். வாங்கிய ஆள் வேலையை விட்டுப் போயிருப்பான். சர்வரையே காயலான் கடைக்குப் போட்டிருப்பார்கள். துண்டு மட்டும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். யாருடையது என்று கேட்டால் நாலு பேர் "எங்களுதுதான், தேவைப்படும்" என்பார்கள். பரணில் கிடக்கிற ஓட்டைக் குடத்தைப் போடலாமா என்று வீட்டில் கேட்டுப் பாருங்களேன். அதே பதில்தான். அதனால் கேட்கக் கூடாது. இணைப்பை மட்டும் வெட்டிவிட வேண்டும். அழிப்பதில்லை, வெட்டுவது மட்டும். பிறகு காத்திருக்க வேண்டும். தேவைப்படுகிறவன் கத்திக்கொண்டு வருவான். வந்தால் திரும்ப இணைத்துவிடலாம். மூன்று வாரம் சத்தமே வரவில்லையென்றால் துடைத்துவிட வேண்டும். இந்தத் தொழிலில் எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். நான் கண்டுபிடித்ததல்ல.

சத்தம் வரவில்லை என்றால் தேவை இல்லை. எத்தனை சுலபமான விதி, பாருங்கள்.

போன் அடிக்கிறதா? ஆமாம், என்னுடையதுதான். இருக்கட்டும். அடித்து ஓயட்டும். எடுத்தால் பேச வேண்டியிருக்கும்.

நல்லசிவம். அவர்தான் கூப்பிடுகிறார். அவரைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது.

சோதனைக்கூடத்தில் இருந்தார். கம்பெனியை விட்டு வெளியே போகிற ஒவ்வொரு மோட்டாரையும் தண்ணீரில் போட்டு, மெகர் வைத்துப் பார்க்க வேண்டும். மின்சாரம் மோட்டார் உடம்புக்குக் கசிகிறதா என்று சொல்கிற கருவி அது. எண் பெரிதாக இருந்தால் நல்ல மோட்டார். ஒன்றுக்குக் கீழே போனால் அது மோட்டார் இல்லை, எமன். அந்த எண்ணை மோட்டாரின் சீரியல் நம்பரோடு கம்ப்யூட்டரில் ஏற்றுவார். பதினோரு வருடமாக ஏற்றினார். குள்ளமான ஆள். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா. மனைவி இல்லை, ஒரு மகள். மோட்டாரைத் தவிர வேறு பேச்சு வராது. கேன்டீனில் அவர் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். நானும்தான்.

ஒருநாள் சர்வர் அறைக்குள் செருப்போடு ஓடி வந்தார். செருப்போடு! "சார், என்ற ரீடிங் பூரா காணமுங்க! பதினோரு வருச ரீடிங்குங்க!" என்று ஒரே கத்தல். மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். போய்ப் பார்த்தால் அவரே கைதவறிப் பக்கத்து ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு நிமிட வேலை.

அதோடு விட்டிருக்கலாம். விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அந்த மாதக் கூட்டத்தில், அறுபது பேர் இருந்தார்கள், ஜி.எம். இருந்தார், புகார் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று நான் பேசினேன். டிக்கெட் போட வேண்டும், அதாவது கம்ப்யூட்டரில் புகார் பதிய வேண்டும்; ஒவ்வொரு சாதனத்துக்கும் கம்பெனி கொடுத்திருக்கிற சாதன எண்ணை எழுத வேண்டும், ஓடி வரக் கூடாது. பேசிக்கொண்டே வந்தவன், "நல்லசிவம் சார், எந்திரிங்க. அன்னைக்கு எப்படிக் கத்துனீங்க? எல்லாருக்கும் ஒரு தடவை கத்திக் காட்டுங்க" என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன்.

அவர் எழுந்து நின்றார். எல்லோரும் அவரையே பார்க்கிறார்கள். "வேண்டாமுங்க சார்" என்றார். "சும்மா ஒரு தடவை" என்றேன். ஜி.எம். வேறு, "கமான் நல்லசிவம்" என்றார். அவர் மெதுவாக, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பது போல, "என்ற ரீடிங் காணமுங்க" என்றார். ஹாலே சிரித்தது. "சத்தம் பத்தல" என்று பின்னாலிருந்து ஒருத்தன் குரல் கொடுத்தான். அவர் இன்னொரு தடவை சொன்னார். இன்னும் கொஞ்சம் சத்தமாக. அன்றிலிருந்து அவருக்கு ரீடிங் என்றே பெயர். கேட் வாட்ச்மேன்கூட, "ரீடிங் வந்தாச்சா?" என்பான்.

மறுநாள் என் மேசைக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். "இனிமே கத்த மாட்டனுங்க சார். டிக்கெட்தான் போடுவேன்." எனக்குத் திருப்தியாக இருந்தது. திருத்திவிட்டோம் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் பெட்டி நிரம்பிவிட்டது. புது டிஸ்க் கேட்டேன். நிர்வாகம் இல்லையென்றுவிட்டது. இருக்கிறதை வைத்துச் சமாளியுங்கள் வைத்தி, உங்களால் முடியாததா என்றார்கள். பட்டியல் போட்டேன். யாருடையது என்று தெரியாத துண்டுகள் பதினான்கு. பொங்கல் லீவு முடிந்த மறுநாள் பதினான்கையும் வெட்டினேன். காத்திருந்தேன். முதல் வாரம் டிசைன் பிரிவிலிருந்து ஒருவன் கத்தினான். இணைத்துக் கொடுத்தேன். சம்பளப் பிரிவிலிருந்து ஒரு அம்மா கத்தினார்கள். காது கிழிந்தது. இணைத்துக் கொடுத்தேன். மீதி பன்னிரண்டிலிருந்து சத்தம் இல்லை.

பன்னிரண்டில் ஒன்று நல்லசிவத்தினுடையது. அதை வெட்டும்போது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவருடைய சர்வர் சோதனைக்கூடமே தன் செலவில் வாங்கிப் போட்டது. எண் கொடுக்கிற வழக்கமெல்லாம் வருவதற்கு முன்பே வாங்கியது. அதற்குச் சாதன எண்ணே கிடையாது. என் பட்டியலில் அது பெயர் இல்லாத துண்டு.

அவர் சத்தம் போடவில்லை. டிக்கெட் போட்டார்.

ஜெசிந்தா என்று என்னிடம் ஒரு பெண் வேலை பார்த்தாள். தூத்துக்குடிப் பக்கம். புருஷன் கப்பலில், கைக்குழந்தை ஒன்று. கெட்டிக்காரி, நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். டிக்கெட்டெல்லாம் அவள்தான் பார்ப்பாள். சாதன எண் இல்லாத டிக்கெட்டைப் படிக்காமலேயே மூடிவிட வேண்டும் என்பது நான் போட்ட விதி. இல்லாவிட்டால் ஆளாளுக்குக் கதை எழுதி அனுப்புவார்கள். மூடினாள். இரண்டாவது வந்தது, மூடினாள். மூன்றாவது வந்தபோது என் மேசைக்கு வந்தாள்.

"சார், லேப்லேருந்து மூணாவது வாட்டி வந்திருக்கு. அவர் சர்வருக்கு நம்பரே கெடையாது சார். எங்கேருந்து போடுவார்?"

"நம்பர் இல்லாத சர்வர் கம்பெனியில கிடையாதும்மா. மூடு."

"ஒரு போன் போட்டுக் கேட்டுரட்டா?"

"தேவைன்னா கத்துவார்."

"அவர் கத்த மாட்டார் சார். நீங்கதான அன்னைக்கி..."

"நான்தான் என்ன?"

"ஒண்ணுமில்ல சார்" என்று போய்விட்டாள்.

அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, அந்தத் துண்டு அவருடையது என்று. அந்த ஒரு கணத்தை நான் பல தடவை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஏன் எழுந்து போகவில்லை? சோதனைக்கூடம் கீழ்த்தளத்தில்தான். லிஃப்ட் இருக்கிறது. என்னையே கேட்டுக்கொள்வேன். பதில் வருகிற மாதிரி இருக்கும், அதற்குள் தூக்கம் வந்துவிடும். அவர் வந்து கத்த வேண்டும் என்று நினைத்தேனோ? செருப்போடு ஓடி வருவார், மறுபடியும் கூட்டத்தில் சொல்லலாம் என்று நினைத்தேனோ? இருக்கலாம். மனிதன் மனசு.

இருபத்தொன்றாவது நாள் துடைத்தேன். இங்கே துடைத்தால் இரட்டைப் பெட்டியிலும் துடைத்துவிடும். ரொம்ப விசுவாசமான பெட்டி அது.

இப்போது ஒரு ஊர் தாண்டினோமே, பொங்கலூர். அதற்கு உள்ளே மூன்று கிலோமீட்டரில் ஒரு தோட்டம். துடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மயிலாத்தாள் என்று ஒரு பெண்மணி, நாற்பத்திரண்டு வயது, மாட்டுக்குத் தண்ணீர் பிடிக்க பைப்பைத் தொட்டிருக்கிறாள். அந்த இடத்திலேயே போய்விட்டாள். எங்கள் மோட்டார். ஊர்க்காரர்கள் கம்பெனி வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பேப்பரில் வந்தது. அந்த மோட்டாரைச் சோதித்த விவரம் எங்கே என்று கேட்டார்கள். சோதனைக்கூடத்தில் கேட்டார்கள். இல்லை. பெட்டியில் தேடினார்கள். இல்லை. ஜெனரேட்டர் அறை முதல் ஜி.எம். அறை வரைக்கும் ஒரே பேச்சு: ரீடிங் அந்த மோட்டாரைப் பார்க்காமலேயே அனுப்பிவிட்டான்.

கம்பெனிக்கும் அந்த எண் கிடைத்திருந்தால் நல்லதுதான். கிடைக்கவில்லை. அதனால் ஒரு ஆளைக் கொடுத்தார்கள்.

விசாரணை வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். "பெட்டியில் அந்த விவரம் இருக்கிறதா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார். "இல்லை" என்றேன். உண்மைதானே? எதிரே நல்லசிவம் உட்கார்ந்திருக்கிறார். "சார், நான் மூணு டிக்கெட் போட்டனுங்க" என்கிறார். "அரைகுறையாப் போட்டா அது புகாரா?" என்றார் அதிகாரி. "வேற எங்கயாச்சும் ஒரு நகல் கிடக்குங்களா சார்?" என்று நல்லசிவம் என்னைப் பார்த்துக் கேட்டார். "உங்களைக் கேக்கச் சொல்லலை, உக்காருங்க" என்று அதிகாரி அதட்டினார். உட்கார்ந்தார். என்னிடம் கேள்வியாக அது கேட்கப்படவில்லை, கவனியுங்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொன்னேன்.

டேப்பா? நீங்கள் கெட்டிக்காரர். விசாரணை அதிகாரிக்குத் தோன்றவில்லை, உங்களுக்குத் தோன்றுகிறது பாருங்கள்.

டேப் இருந்தது. வார டேப்புகள் மேலெழுதப்பட்டுப் போய்விட்டன. டிசம்பர் மாத டேப் ஒன்று பாக்கி. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அதன் முறை முடியும். விசாரணை நடந்தபோது அது பக்கத்துக் கட்டிடத்து இரும்பு அலமாரியில் இரண்டாவது தட்டில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மனசு கேட்கவில்லை. தனியாக உட்கார்ந்து டேப்பை ஓட்டி, நல்லசிவத்தின் துண்டை ஒரு மூலையில் இறக்கினேன். மோட்டாரின் நம்பர் பேப்பரிலேயே வந்திருந்தது. தேடினேன். இருந்தது. ஆகஸ்ட் பத்தொன்பது, காலை பதினொன்று இருபது. மெகர் இருநூற்று அறுபது. இரண்டு தடவை பார்த்திருக்கிறார். ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறிய பிறகு இன்னொரு தடவை, இருநூற்று ஐம்பத்தெட்டு. பக்கத்தில் "ந.சி." என்று பெயரெழுத்து. தங்கமான மோட்டார். தோட்டத்தில் எவனோ வயரிங்கில் கை வைத்திருக்கிறான். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை ஒழுங்கான ஆள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு இறக்கியதை அழித்தேன். டேப்பைத் திரும்ப அதே தட்டில் வைத்தேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். யோசித்துப் பாருங்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதல் கேள்வி என்ன வரும்? பெட்டியில் இல்லாமல் டேப்பில் மட்டும் எப்படி இருக்கிறது? துடைத்தது யார்? எந்தத் தேதி? அதற்கு முன்னால் புகார் வந்ததா? மூன்று வந்ததா? முப்பத்தொரு வருடம், சார். ஒரு பெண்மணி செத்ததற்கு நான் காரணமில்லை. மோட்டார் நல்ல மோட்டார், அவர் நல்ல ஆள், நானும் நல்ல ஆள்தான். நடுவில் ஒரு எண் தொலைந்துபோனது.

மார்ச் முப்பதாம் தேதி ஜெசிந்தா அந்த டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். டேப்பின் ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்புத் தாழ்ப்பாள் இருக்கும். நகத்தால் தள்ளிவிட்டால் அதன்மேல் எதுவும் எழுத முடியாது. அவ்வளவு சுலபம்.

"சார், இதுல லேப் டேட்டா இருக்க வாய்ப்பு இருக்கு. தள்ளி வச்சிரட்டுமா?"

"முறைன்னா முறைதான்."

"சார், அவர் மகளுக்குப் பேசி வச்ச எடத்துல வேண்டாம்னுட்டாங்களாம். பொம்பளையைக் கொன்னவன் வீடுன்னு..."

"நீ அழறதுக்கு வேலைக்கு வந்தியா, டேப் மாத்த வந்தியா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போய், மேலே புதிது எழுத அதை மெஷினில் போட்டாள். அவள் கையாலேயேதான் போட்டாள். நான் தொடவில்லை. அடுத்த மாதம் அவளை ஓசூர் கிளைக்கு மாற்ற வேண்டியிருந்தது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு முடியாது என்று அவளாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது மஸ்கட்டில் இருக்கிறாளாம், புருஷனோடு. நன்றாக இருக்கட்டும்.

மறுபடியும் அடிக்கிறார். பொறுமையான மனிதர். இல்லை, நீங்கள் எடுக்க வேண்டாம். கொடுங்கள் அதை.

நல்லசிவத்தை வேலையை விட்டு நீக்கினார்கள். அதன் பிறகு நான் அவர் வீட்டுக்குப் போனேன். கம்பெனியிலிருந்து வேறு யாராவது போனார்களா? கேட்டுப் பாருங்கள். நான் ஒருத்தன்தான். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் அந்த மயிலாத்தாள் புருஷன் நின்றுகொண்டிருந்தான். திட்டவில்லை, கல்லெறியவில்லை. சும்மா வந்து நிற்பானாம், வாரம் ஒரு தடவை. பஸ் பிடித்து வருவானாம். வீட்டைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போவானாம். மகள் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தாள்.

நல்லசிவம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், உங்ககிட்ட மட்டும் கேக்கறனுங்க. நான் அந்த மோட்டாரைப் பாத்தனுங்களா? நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், ஞாபகம் வரமாட்டேங்குதுங்க. ஒரு நாளைக்கு நூத்தம்பது மோட்டாருங்க. பாக்காம ஒண்ணுகூட விட்டதில்லைன்னுதான் மொதல்ல சொன்னேன். இப்ப எனக்கே தெரியலீங்க. ஒருவேளை அன்னைக்கு டீக்குப் போயிருந்தேனோ என்னமோ. நான்தான் அந்தப் பொம்பளையைக் கொன்னுட்டனுங்களா சார்?"

இருநூற்று அறுபது என்று என் நாக்கு வரைக்கும் வந்தது. இருநூற்று அறுபது, ஊறிய பிறகு இருநூற்று ஐம்பத்தெட்டு. ஆறு வார்த்தை. "போனது போகட்டும், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று. "அந்தப் பொண்ணு ஜெசிந்தாதான் பாக்காம துடைச்சிருக்கும்" என்றும் சொன்னேன். அவள் ஊரில் இல்லை, அவளுக்கு என்ன நஷ்டம்? அவர் தலையை ஆட்டினார். "பாவம், சின்னப் பொண்ணு, தெரியாமச் செஞ்சிருக்கும்" என்றார். நான்கூட அப்படி மன்னித்திருக்க மாட்டேன்.

பிறகு லேபர் கோர்ட்டில் கேஸ் போட்டார். கம்பெனி வக்கீல், இவர் அந்த மோட்டாரைச் சோதிக்கவும் இல்லை, கம்ப்யூட்டரில் ஏற்றவும் இல்லை என்கிறார். ஏற்றியது பெட்டியில் இருந்தது, பிப்ரவரியில் எங்கள் பிரிவுதான் துடைத்தது என்று ஒருவர் வந்து சொல்ல வேண்டும். யார் சொல்ல முடியும்? எனக்குப் போன் செய்தார். "நீங்க வந்து உள்ளதைச் சொன்னாப் போதுமுங்க சார். எனக்கு வேலைகூட வேண்டாமுங்க. நான் பாத்தேன்னு ஒரு பேப்பர்ல வந்துட்டாப் போதும். வாசல்ல வந்து நிக்கற அந்தாளுகிட்டக் கொண்டுபோய்க் காட்டிருவேன்" என்றார். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓட்டுகிறார். மோட்டார் கம்பெனி எதுவும் எடுக்கவில்லை. வருகிறேன் என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

முதல் தேதிக்கு எனக்குக் காய்ச்சல். காய்ச்சல் வந்த மாதிரிதான் இருந்தது. இரண்டாவது தேதிக்குப் பேரன் பிறந்தநாள். "பரவாயில்லீங்க சார், அடுத்த தேதிக்கு வாங்க" என்றார். இன்று மூன்றாவது. பத்தரைக்குக் கோர்ட். இன்றும் சாட்சி வரவில்லையென்றால் சாட்சியத்தை முடித்துவிடுவதாக ஜட்ஜ் சொல்லிவிட்டாராம். முடித்தால் கேஸ் அவ்வளவுதான். காலை ஐந்து மணிக்கு ஆரப்பாளையத்தில் வண்டி ஏறுவேன் என்று நேற்றே சொல்லியிருந்தேன். ஏறியும் விட்டேன். பார்த்தீர்களா, வராமல் இருக்கவில்லை. ஒட்டன்சத்திரம் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். மனப்பாடம்கூடச் செய்தேன். ஆகஸ்ட் பத்தொன்பது, பதினொன்று இருபது.

பிறகு கூண்டில் நிற்கிறவனைக் குறுக்குக் கேள்வி கேட்பார்களே என்று தோன்றியது. உங்களுக்கு எப்படித் தெரியும்? எப்போது பார்த்தீர்கள்? பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள்? இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை? இதற்கெல்லாம் நான் என்ன பதில் சொல்வேன், நீங்களே சொல்லுங்கள். இல்லை, சொல்ல வேண்டாம். நீங்கள் ஏதோ சொல்லப்போகிறீர்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வேண்டாம். வழியில் பார்த்த மனிதர் நீங்கள். உங்களுக்கு என்னைத் தெரியாது.

நான் கெட்டவனா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். கெட்டவன் இத்தனை தடவை யோசிப்பானா?

ஒண்டிப்புதூர் தாண்டிவிட்டோம். இதோ, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்ட் வருகிறது. உங்கள் பக்கத்து ஜன்னல் வழியாகப் பாருங்கள். அந்த இளநீர் வண்டிக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டை, குள்ளமாக. அவர்தான். இளைத்துவிட்டார். கையில் இரண்டு ஹெல்மெட் பாருங்கள், ஒன்று புதிது போலிருக்கிறது, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. எனக்காக வாங்கியிருப்பார். தூக்குப் பாத்திரம் வேறு. நான் சாப்பிடாமல் வந்திருப்பேன் என்று மகள் செய்து கொடுத்திருப்பாள். ஒவ்வொரு வண்டி போர்டையும் படிக்கிறார். பார்த்துவிட்டார். மதுரை என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டார். ஓடி வருகிறார் பாருங்கள், இந்த வயதில்.

கொஞ்சம் காலை ஒதுக்குங்கள். நான் பின்வாசல் வழியாக இறங்கிக்கொள்கிறேன். அவர் முன்வாசலில்தான் ஏறுவார், ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருவார். நீங்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை. நான் யாரையும் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன். சும்மா உட்கார்ந்திருங்கள், போதும்.

ஆனால் இந்த சீட்டைக் காட்டி, இங்கே யாரும் இருந்தார்களா என்று அவர் கேட்டால், காலி என்று சொல்லிவிடுங்கள்.